பூஜைக்கு வீடு போன சுவடிகள்

விஜயதசமிக்கு மறுநாள் காலை அலுவலகத்தைத் திறந்து மேசைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். திருப்போரூர் வழியாகக் கோவளம் போகிற வண்டியின் கண்டக்டர் வாசலில் வந்து நின்றார். ரோட்டில் வண்டியை நிறுத்தி அவர் விசில் ஊதுவதும், கமால் பாய் கையில் துணிமூட்டையோடு ஓடிப் போய் ஏறுவதும்தான் அவருக்கும் எங்களுக்கும் உள்ள பழக்கம். கட்டடத்துக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. அன்று உள்ளே வந்து, தோள்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"சார், நம்ம பாய் பூட்டாரு சார்."

"இன்னிக்கு அவர் சுவடி எடுக்கப் போகணுமே" என்றேன். முதலில் வாயில் வந்தது அதுதான்.

"நேத்து சாயங்காலம் தொழுதுட்டு வந்து ஒக்காந்தாராம். நெஞ்சைப் புடிச்சுகினு அப்படியே சாஞ்சுட்டாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. மதியத் தொழுகைக்கு அப்பால எடுக்கறாங்க. வரீங்களா, வண்டி நிக்குது."

கதவைப் பூட்டினேனா என்று இப்போது நினைவில்லை. கண்டக்டர் என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, டிக்கெட் கிழிக்காமலே போனார். செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டார். காற்று பட்டுக் கண் கலங்குகிறது என்று நினைத்திருப்பார்.

கமாலுத்தீனை நீங்கள் எல்லோரும் ஆண்டுக் கூட்டத்தில் பார்த்திருப்பீர்கள். கஞ்சி போட்ட சட்டை, காதில் செருகிய அத்தர்ப் பஞ்சு, மேடையில் யார் பேசினாலும் முன் வரிசையிலிருந்து ஒரு குறுக்குக் கேள்வி. ஆசிய நாடுகளின் மொழிக்கும் வரலாற்றுக்குமாக நடக்கிற நம் சங்கத்தில் சுவடிகளைத் தேடிச் சேர்ப்பது அவர் பொறுப்பு. சேர்ந்தவற்றுக்கு அட்டவணை போடுவது என் பொறுப்பு. இறந்தவரை அடக்கமான மனிதர் என்று எழுதுவது வழக்கம். கமால் பாயைப் பற்றி அப்படி எழுதினால் எழுந்து வந்து என்னோடு சண்டை போடுவார். வரலாற்றில் எம்.ஏ., அதிலும் முதல் வகுப்பு என்பதை, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் மகாபலிபுரம் வருவதற்குள் எப்படியாவது சொல்லிவிடுவார். கேட்டவர் பாவம், மூட்டையில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டிருப்பார்.

எங்களுக்குள் முதல் சண்டை நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே வந்தது. நவராத்திரி முடிந்து ஒரு சுவடிக் கட்டைப் பிரித்தேன். மேல் ஓலை முழுக்கச் சந்தனம். கயிறு கோத்த துளையில் காய்ந்த பூவின் நார். ஓலைகளுக்கு மேலே வைத்துக் கட்டிய மரச்சட்டத்தின் நான்கு மூலையிலும் குங்குமம். எனக்கு ரத்தம் கொதித்தது. புல் எண்ணெய் தடவி, மை பூசி, எழுத்தைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதற்குள் எனக்கு முதுகு ஒடிகிறது, இவர்கள் இதில் பொட்டு வைத்து விளையாடுகிறார்களே என்று கத்தினேன். கமால் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது கடப்பாக்கத்து அலமேலம்மா வூட்டுக் குங்குமம். போன வருஷம் கொஞ்சம் வெளிறிப் போயிருந்துச்சு. இந்த வாட்டி நல்ல செவப்பாக் கீது. கடையை மாத்திட்டாங்க போல."

"பாய், நான் விளையாடலை."

"நானும் விளையாடலை பண்டிதரே. அவங்க இதை நமக்குக் கொடுக்கலை. நம்மகிட்ட விட்டு வெச்சிருக்காங்க. பொட்டு வெக்காம அனுப்புனாத்தான் நான் கவலைப்படுவேன்."

அவர் என்னைப் பண்டிதரே என்று அழைத்தது மரியாதையில் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அன்று பிற்பகல் முழுவதும் என் எதிரில் உட்கார்ந்து, அந்தச் சுவடி நம்மிடம் வந்த கதையைச் சொன்னார்.

கடப்பாக்கத்தில், ஆலம்பரைக் கோட்டை இடிபாட்டுக்குப் போகிற வழியில் அலமேலம்மாவின் வீடு. கணவர் வழியில் மாட்டு வைத்தியம் பார்த்த குடும்பம். சாமி அலமாரியில் மஞ்சள் துணி சுற்றிய கட்டு ஒன்று இருந்தது. மாட்டு நோய்க்கு மருந்து சொல்லும் வாகடமும், ஒரு தாலாட்டும், எவருடையதோ ஜாதகமும் ஒரே கயிற்றில் கோத்தது. வீட்டில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அலமாரியின் பின்பலகையில் கரையான் ஏறியிருந்தது. கமால் பாய் எடுத்துச் சொன்னார், கெஞ்சினார், கோபித்துக்கொண்டு போய்த் திரும்பவும் வந்தார். அலமேலம்மா அசையவில்லை.

"இதைக் குடுத்துட்டா சரஸ்வதி பூஜைக்கு நான் எத்த வெப்பேன் பாய்? சினிமா பொஸ்தகத்தையா?"

அந்தக் கேள்விக்கு எம்.ஏ.யில் பதில் இல்லை என்று பாய் சொல்லிச் சிரிப்பார். அவர் அப்போது சொன்னது இதுதான்: "பூஜைக்கு நானே கொண்டாந்து வெக்கிறேன். விஜயதசமிக்கு மறுநாள் வந்து நானே எடுத்துகினு போறேன். வருஷா வருஷம்."

"வருஷா வருஷம்னா? நீ இருக்கிற வரைக்குமா, சொவடி இருக்கிற வரைக்குமா?"

"சுவடி இருக்கிற வரைக்கும்."

அலமேலம்மா கற்பூரம் ஏற்றிக் கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். செய்தி அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போயிற்று. அதுவரை கதவைச் சாத்திய வீடுகள் எல்லாம் அதே பேச்சின் பேரில் கொடுத்தன. நெம்மேலியில் தெருக்கூத்து வாத்தியார் வீடு, சதுரங்கப்பட்டினத்தில் ஒரு வைத்தியர் வீடு, இன்னும் பல. நம்முடைய தொகுப்பைப் பெரிய தொகுப்பு என்று வெளியூர் அறிஞர்கள் வந்து பாராட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சினிமாப் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். சுவடி கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று சங்கத்துக்கு விதி உண்டு. அப்போதிருந்த தலைவரிடம் பாய் போய் நின்றார். அவர், "திரும்பி வந்துடுதில்ல? அப்புறம் என்ன?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எதையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு நவராத்திரியில் நானும் அவரோடு போனேன். கட்டை மடியில் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர், "இன்னா பாய், சரஸ்வதி அம்மாவுக்கு டிக்கெட் வாங்கலியா?" என்றார். "அவங்க பாஸ்ல வர்றாங்க, நீ விசில் ஊது" என்றார் பாய். கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலைக்கு வந்த குடும்பங்கள் ஏறின. கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தார், கட்டை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. போன இடத்தில் எல்லாம் சுண்டல். தின்றுவிட்டு, உப்பு குறைவு, தேங்காய் போதாது என்று குறை வேறு சொன்னார். அந்தப் பெண்கள் அவரைத் திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டார்கள்.

அவருடைய ஊரான கோவளத்தில் இதற்காகப் பேச்சும் வாங்கினார். டீக்கடையில் என் காதுபடவே ஒருவர் கேட்டார்: "இன்னா கமால் காக்கா, நீ போயி பூஜைக்குச் சாமான் தூக்குறியாமே?" கமால் பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "நான் பொஸ்தகம் தூக்குறேன். அவங்கவங்க வூட்டுக்குப் போயி அது இன்னா ஆவுதோ, அது அவங்க பாடு. உங்க வாப்பா எழுதி வெச்ச மௌலூது கிதாபை மாசம் பொறந்ததும் உங்க வூட்டுக்குத் தூக்கிகினு வந்தேனே, அப்போ கேட்டியா?" என்றார். நபிகள் பிறந்த மாதத்தில் ஓதுகிற, அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அந்தக் கோவளத்துப் புத்தகங்களுக்கும் இதே ஏற்பாடுதான். கேட்டவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார், பாயின் டீக்கும் சேர்த்து.

ஒரு வருஷம் நல்ல மழை. நெம்மேலியிலிருந்து கூத்து வாத்தியார் வீட்டுக் கட்டு நனைந்து வந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் வைத்தால் ஓலை முறுக்கிக்கொள்ளும். பாய் அந்தக் கஞ்சிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தரையில் கோரைப்பாயை விரித்து, ஓலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து விசிறியால் விசிறினார். நாள் முழுக்க விசிறினார். இடையில் அந்த வாத்தியாரே பதறிப் போய் வந்து நின்றார். அவரைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "வா, ஒரு விசிறி கீது, புடி" என்றார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து விசிறினார்கள். வாத்தியார் அந்த ஓலையில் இருந்த பாட்டைத் தெரிந்த வரைக்கும் பாடினார். அன்று எனக்கு வேலை ஓடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷம் நம் செயற்குழு எடுத்த முடிவை நீங்கள் அறிவீர்கள். தொகுப்பு முழுவதையும் பொங்கலுக்குப் பிறகு சென்னைக்கு மாற்றுவது, குளிர்ப்பதன அறையில் வைப்பது, மைக்ரோஃபிலிம் எடுப்பது. செயலாளர் கெட்டவர் அல்ல. ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஓர் ஓலையின் ஓரம் உடைகிறது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. கமால் பாயும் மாற்றவே கூடாது என்று பேசவில்லை. எங்கே வைத்தாலும் நவராத்திரிக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"எழுத்துல எங்கேயாவது இருக்கா?" என்றார் செயலாளர்.

"இல்லை. நான் சொன்னேன்."

"யார் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லச் சொல்லலை."

"அப்போ அது சங்கம் கொடுத்த வாக்கு இல்லையே. உங்க சொந்த வாக்கு."

எந்தக் கூட்டத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பிறகு எழுந்து, கடைசியாக இந்த ஒரு நவராத்திரிக்கு அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். இனிமேல் சுவடி வராது என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

சுவடிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒவ்வொரு நாளும் திரும்பி வருவார். சொன்னீர்களா என்று கேட்பேன். "பூ வெச்சு, பொரி வெச்சு, வழியைப் பாத்துகினு இருக்காங்க. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? எடுக்கப் போறப்போ சொல்லிக்கிறேன்" என்பார். எல்லா வீட்டுக்கும் இதே பதில்தான். கடைசிக் கட்டையும் கொடுத்துவிட்டு வந்த அன்று என் மேசை எதிரில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சட்டை கசங்கியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் சட்டையை நான் கசங்கிப் பார்த்ததில்லை.

"திட்டுனாங்கன்னா தாங்கிக்குவேன் பண்டிதரே. எனக்குத் திட்டத் தெரியும், வாங்கிக்கவும் தெரியும். ஆனா அவங்க திட்ட மாட்டாங்க. 'சரி பாய்'னு சொல்லிட்டு உள்ளே போயிடுவாங்க. அதை ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னு கேக்கணும்."

என்னோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. ரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்னாராம். அவர் படித்தவர், சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் காலை அந்த வாசல்களில் போய் நிற்க வேண்டியிருந்த மனிதர் முந்தின நாள் மாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்பதை நான் எப்படி மறப்பேன்?

கோவளத்தில் இறங்கியபோது அவர் வீட்டின் முன்னால் கூட்டம் நிறைந்திருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்புறம், தென்னை மரங்களின் அடியில் இன்னொரு கூட்டம் தனியாக நின்றது. பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். பிறகு ஒரு மஞ்சள் துணி கண்ணில் பட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு இருந்தது. அந்தத் துணிகள் எல்லாம் எனக்குத் தெரியும். பூசிய சந்தனம் இன்னும் உதிரவில்லை. பாயை ஏற்றி இறக்கிப் பழகிய கண்டக்டர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, இரவு ஊருக்குப் போய்த் தங்குகிற வண்டிகளில் செய்தி அந்தந்த ஊருக்குப் போயிருக்கிறது. காலை முதல் வண்டியைப் பிடித்து வந்திருக்கிறார்கள். முன்னால் அலமேலம்மா நின்றார்.

"நீங்க எதுக்கம்மா இதையும் தூக்கிகிட்டு வந்தீங்க? நாங்க வந்து எடுத்திருப்போமே."

"இன்னிக்கு எடுக்க வரேன்னுட்டுப் போனாரு சார். அவரு வரலன்னா சொவடி வராது. சொவடி வரலன்னா ஆபீஸ்ல யாரைக் கேப்பாங்க? செத்தவரு மேல பேச்சு வரலாமா?"

"பூஜையில வெச்சது. சாவு வீட்டுக்கு..."

"அதான் ரோட்டுக்கு இந்தாண்டையே நிக்கிறோம். சாமி கோச்சுக்கினா கோச்சுக்கட்டும். அப்பால குளிச்சுட்டு ஒரு கற்பூரம் ஏத்திட்டாப் போவுது."

சற்று நேரத்தில் அவர் உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளிவாசலை நோக்கிப் புறப்பட்டார்கள். தென்னை மரங்களின் அடியில் நின்றவர்களால் கும்பிட முடியவில்லை, இரண்டு கையிலும் சுவடி இருந்தது. சந்தூக்கு அவர்களைக் கடந்தபோது, அலமேலம்மா தன் கட்டைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்தடுத்து எல்லோரும் அப்படியே செய்தார்கள். பாயின் சொந்தக்காரர்கள் நடையை நிறுத்தாமலே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அடக்கம் முடிந்து வந்ததும் ஒவ்வொருவராக என் கையில் கொடுத்தார்கள். கை நிறைந்து, தோள்துண்டை விரித்து, அதுவும் நிறைந்து, திரும்பும் நடையில் வந்த கண்டக்டர் பிடித்துக்கொண்டார். வர முடியாத வீடுகள் அடுத்தடுத்த நாட்களில் டிரைவர்களிடம் கொடுத்தனுப்பின. எல்லாம் வந்துவிட்டன. ஒன்றும் குறையவில்லை.

கடைசியாக அலமேலம்மா கேட்டார்: "அடுத்த வருஷம் யாரு சார் எடுத்தாருவாங்க?"

மற்றவர்களும் நின்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் கமால் பாய் சொல்லியிருக்க வேண்டியதை, அங்கே ஒரே தடவை வாய் திறந்து நான் சொல்லியிருக்கலாம். ரோட்டுக்கு அந்தப் புறம் அவர் வீட்டு முற்றத்தில் அவிழ்ந்த செருப்புகள் இன்னும் கிடந்தன. இவர்கள் அவர் பெயர் கெடக் கூடாது என்று தீட்டையும் பார்க்காமல் வந்திருக்கிறார்கள். அவர் இவர்களுக்குச் சொன்னதைக் காப்பாற்ற நம் சங்கத்தில் ஒருவர்கூட முன்வரவில்லை.

"நான் எடுத்தாரேன்மா" என்றேன்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

சங்க அன்பர்களே, சுவடிகள் இப்போது என் அறையில் இருக்கின்றன. சென்னைக்கு அனுப்பப் பெட்டிகளுக்கு அளவு எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சந்தனத்தை நான் துடைக்கவில்லை. அவர் நினைவாக ஒரு பொருள் இருக்கட்டும் என்று பாயின் மனைவி அவருடைய பேனாவைக் கொடுக்க வந்தார். மகனுக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது, அந்தத் தென்னை மரங்களின் அடியில் நான் சொன்ன வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அவருக்கும் யாரும் கொடுத்திருக்கவில்லை. அடுத்த நவராத்திரிக்கு நான் அந்தப் பஸ்ஸில் ஏறிக் கடப்பாக்கம் போகத்தான் போகிறேன். என் மடியில் சுவடி இருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.